அம்மா இல்லாத பக்கம்

மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜில் நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில், வெளிநாட்டுப் படிப்பு அலுவலகத்துக்கு வெளியே என் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஆளுயரப் படம். நீல அட்டை போட்ட ஒரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பல் முழுவதும் தெரியச் சிரிக்கிறேன். கீழே பிரெஞ்சில் ‘தன் வேர்களைத் தேடிப் போய்க் கண்டடைந்த மாணவி’ என்று எழுதியிருக்கிறது. அந்த நடைவழியால் போகவேண்டி வந்தால் நான் மற்றப் படிக்கட்டால் இறங்கிச் சுற்றிப் போகிறேன். புத்தகத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டு சிரித்த சிரிப்பு அது.

என் அம்மாவின் அப்பா சீனர். இலங்கையில் சீனரா என்று புருவத்தை உயர்த்துபவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: ஒரு காலத்தில் அங்கே ஊருக்கு ஊர் பல்லுக் கட்டும் கடை வைத்திருந்தவர்கள் சீனர்கள். அம்மப்பா ஹூபே மாகாணத்தில் ஒரு கிராமத்திலிருந்து கப்பலேறி வந்து, திருகோணமலையில் கடை போட்டு, அந்த ஊர்த் தமிழ்ப் பெண்ணைக் கட்டி, ஒரேயொரு பெண்பிள்ளையைப் பெற்றார். வீட்டில் தமிழ்தான் பேச்சு. அம்மாவுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது அவர் செத்துப்போனார். ஒரு சீனச் சொல்கூட மகளுக்கு விட்டுப்போகவில்லை. விட்டுப்போனது ஒரு சேதி மட்டும்தான்.

“எங்கட அப்பான்ர ஊரில ஒரு புத்தகம் இருக்காம் பிள்ளை,” என்று அம்மா சின்ன வயதிலிருந்தே எனக்குச் சொல்லியிருக்கிறார். “பரம்பரையில பிறந்த எல்லாற்ற பேரும் அதில ஏறுமாம். என்ர பேரையும் ஏத்தச் சொல்லிக் கடிதம் போட்டிட்டன் எண்டு அப்பா சொன்னவர்.”

இந்தப் புத்தகம் அம்மாவுக்கு ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்று விளங்கவேண்டுமென்றால் என் மாமியைத் தெரிந்திருக்கவேண்டும். அப்பாவின் அக்கா. பிறந்தது யாழ்ப்பாணம், இருப்பது மொன்றியல். அம்மாவைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நேரில் ‘இஞ்ச’, பின்னால் ‘சீனத்தி’. டொலார்ட் முருகன் கோயிலில் செருப்புக் கழற்றுகிற இடத்திலேயே நின்று, அம்மாவுக்குக் கேட்கும்படியாக, “ஆருக்குப் பிறந்தது, எங்க இருந்து வந்தது எண்டே தெரியாத ஒண்டைத் தம்பி கட்டிக்கொண்டு வந்திட்டான்,” என்று மற்றப் பெண்களுக்குச் சொல்வார். அம்மா அங்கே வாயே திறக்கமாட்டார். வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவும்போது சட்டிக்குச் சொல்வார்: “என்ர பேர் ஒரு புத்தகத்தில இருக்கு. இவவின்ர பேர் ரெலிபோன் பில்லில மட்டும்தான் இருக்கு.”

நானும் ஒன்றும் திறமில்லை. பள்ளிக்கூடத்தில் அம்மாவின் கண்ணையும் மூக்கையும் பார்த்து மற்றப் பிள்ளைகள் கேட்டபோது, அம்மா மலேசியா என்று நாக்கூசாமல் சொன்னேன். எங்கள் தமிழ்ப் பிள்ளைகளிடமும் அதே கதைதான். பத்து வருடம் அந்தப் பொய்யைக் காப்பாற்றினேன்.

பிறகு ஒரு நாள் எனக்கு அந்தச் சீனத் தாத்தா தேவைப்பட்டார். இரண்டாம் வருடம் சீன மொழி ஒரு பாடமாக எடுத்திருந்தேன். அதே ஹூபேயின் தலைநகரான வூஹானில் ஒரு வருடம் முழுச் செலவோடு படிக்க ஓர் உதவித்தொகை அறிவித்தார்கள். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: இந்தப் படிப்புக்கும் உங்கள் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு? பத்து வருடமாக மூலைக்குள் போட்டு வைத்திருந்த அம்மப்பாவை வெளியே எடுத்துத் தூசி தட்டினேன். அம்மா புத்தகத்தை நினைத்து ஒவ்வொரு மழைநாளிலும் யன்னலோரம் இருந்து அழுவதாக எழுதினேன். அம்மா மழைநாளில் செய்வது கராஜுக்குள் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதுதான். அலுவலகத்துப் பெண்மணி அதை வாசித்துவிட்டு என் கையைப் பிடித்து, தனக்குப் புல்லரித்துவிட்டது என்றார். உண்மையிலேயே அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. கிடைத்துவிடும் என்ற சந்தோஷம்தான் இருந்தது. இப்போது நினைக்க அருவருக்கிறது.

கிடைத்தது. உடனே மாமிக்கும் மனம் மாறிவிட்டது. சீனாவில் படித்தால் நல்ல கொம்பனிகளில் எடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும். போகும் முன்னர் எங்கள் வீட்டுக்கு வந்து, றோல்ஸைக் கடித்து வாய்க்குள் வைத்துக்கொண்டே, “அது இவைக்கு ரத்தத்திலயே இருக்கு. சும்மா வருமே? எங்கட பிள்ளை படிச்சுப்போடுவாள்,” என்றார். இவை என்று அவர் கையைக் காட்டியது அம்மாவை. இருபத்தைந்து வருடம் கரித்துக்கொட்டிய வாய் எந்தக் கூச்சமும் இல்லாமல் அதைச் சொன்னது. அம்மா இன்னொரு றோல்ஸ் எடுத்து அவருடைய தட்டில் வைத்தார். நான் புறப்படுகிற அன்று என்னைத் தனியே கூப்பிட்டு, “புத்தகத்தைப் பார் பிள்ளை. அதுதான். வேற ஒண்டும் வேண்டாம்,” என்றார்.

வூஹானில் எட்டு மாதம் கழித்து, அம்மா சொன்ன ஊர்ப் பேரை வைத்து விசாரித்துத்தான் அந்தக் கிராமத்துக்குப் போனேன். வசந்தத்தில் கல்லறைகளைத் துப்புரவாக்கும் நாளில் குடும்பம் முழுவதும் ஊரில் கூடும். அன்றைக்குத்தான் பரம்பரைப் புத்தகத்தை வெளியே எடுப்பார்கள். அம்மப்பாவின் தம்பியின் மகன் ஒருவர், முறைக்கு எனக்கு மாமா, அறுபது வயது, என்னைக் கூட்டிப் போனார். விடியவே கல்லறைகளில் புல் பிடுங்கிவிட்டு வந்து, காலை ஒன்பது மணிக்கே பெரிய வட்ட மேசையில் விருந்து. பன்றி, வாத்து, மீன், கூனி இறால் போட்ட கீரை. சாப்பிட்டு, கை கழுவி, சிவப்புத் துணியை அவிழ்த்துப் புத்தகத்தை எடுத்தார். நான் கதிரையை இழுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அந்த அவசரம் பொய்யில்லை, அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

விரலை மேலிருந்து கீழே ஓட்டி வாசித்தார். அம்மப்பாவின் பேர். பிறந்த ஆண்டு. தெற்குக் கடல் கடந்து போனார், திரும்பவில்லை. அதற்குக் கீழே இரண்டு எழுத்து. வாரிசு இல்லை.

“அவருக்கு ஒரு மகள் இருக்கிறார்,” என்றேன்.

“மகள்தானே,” என்றார். கோபமாக இல்லை, அன்பாகவே சொன்னார். முன்பு மகள்களை எழுதுவதில்லையாம். இப்போது எழுதுகிறார்களாம். அப்படியென்றால் அம்மாவை எழுதுங்கள் என்றேன். புத்தகம் முப்பது வருடத்துக்கு ஒருமுறைதான் திரும்ப அச்சாகும், போன வருடம்தான் அச்சானது, அடுத்த முறை கட்டாயம் சொல் என்றார். அம்மப்பாவின் கடிதம் வந்ததா என்று கேட்டேன். வந்ததாம். தன்னுடைய அப்பா அதைச் சத்தமாக வாசித்துச் சிரித்துவிட்டு அடுப்புக்குள் வைத்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம். ஒரு பெண்பிள்ளைக்காக இத்தனை முத்திரை ஒட்டியிருக்கிறானே என்று சிரித்தாராம். சொல்லிக்கொண்டே பல்லுக்குள் குச்சியை விட்டுக் குத்தினார். பிறகு மேசையில் மிஞ்சியிருந்த பன்றிக் கொழுப்பில் ஒரு பெரிய துண்டை எடுத்து என் கிண்ணத்தில் போட்டு, மெலிந்துபோயிருக்கிறாய், சாப்பிடு என்றார்.

நான் அதைத் தின்றேன். எழுந்து போயிருக்கவேண்டும். கிண்ணத்தைத் தள்ளியாவது விட்டிருக்கவேண்டும். நல்ல பிள்ளையாக மென்று விழுங்கினேன்.

அந்த நேரம்தான் அம்மா வீடியோவில் அழைத்தார். அங்கே காலை, மொன்றியலில் முந்தின நாள் இரவு. மாமி வீட்டில் யாருக்கோ பிறந்தநாள். திரையில் அம்மாவின் முகம் முழுதாக இருந்தது. பின்னால் மாமி, மாமியின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

“பாத்தியோ பிள்ளை? இருக்கோ?”

அம்மாவின் தோளுக்கு மேலால் மாமியின் வாய் ஏற்கெனவே ஒரு பக்கமாகக் கோணத் தொடங்கியிருந்தது. அந்தக் கோணலை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

“ஓம் அம்மா. இருக்கு,” என்றேன்.

அம்மா போனை மெல்லத் திருப்பி மாமிக்குக் காட்டினார். “சொல்லு பிள்ளை, திரும்பச் சொல்லு, இவைக்கும் கேக்கட்டும்,” என்றார். திரும்பச் சொன்னேன். பிறகு அலுவலகம் தந்த பட்டியலில் ‘குடும்பப் பொருளோடு ஒரு படம்’ என்று இருந்தது ஞாபகம் வந்து, அதே புத்தகத்தை அணைத்துக்கொண்டு சிரித்தேன். அந்தப் பக்கத்தையும் கிட்டப் பிடித்து ஒரு படம் எடுத்து, இரண்டையும் அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

திரும்பி வந்ததும் அலுவலகத்தில் ஒரு மாலைக் கூட்டம். பழத்தட்டு, சீஸ், சின்னக் காகிதக் கோப்பையில் வைன். நான் இருபது நிமிடம் பேசினேன். பிரெஞ்சில் பொய் சொல்வது தமிழில் சொல்வதைவிடச் சுலபமாக இருந்தது. முடிவில் அந்தப் பெண்மணி, பெரிதாக அச்சடித்த புத்தகப் பக்கத்தைச் சுருட்டி ரிப்பன் கட்டி, உங்கள் அம்மாவுக்கு எங்கள் பரிசு என்று தந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். வழியில் மெட்ரோக் குப்பைத்தொட்டிக்குள் போட்டுவிடலாம் என்று யோசித்தேன். ஆனால் கூட்டத்தைப் பற்றி அம்மாவுக்கு முதலே வாட்சப்பில் படம் அனுப்பிவிட்டிருந்தேன், ரிப்பனோடு.

அம்மா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டார். சாமி அறையில் முருகனுக்கும் செத்துப்போன என் அப்பாவின் படத்துக்கும் நடுவில் மாட்டினார். காலையில் பூ வைத்து, சாம்பிராணி காட்டி, விழுந்து கும்பிட்டார். வாரிசு இல்லை என்று எழுதிய பக்கத்துக்கு வாரிசு தினமும் பூ வைத்தார். நான் காலையில் அந்த அறைக்குள் போவதையே நிறுத்திவிட்டேன். சாம்பிராணி வாசம் மேல்மாடிக்கு ஏறி வரும்போது என் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

உண்மையைச் சொல்லலாம் என்று நூறு தரம் நினைத்தேன். ஆனால் அம்மா மாறிவிட்டிருந்தார். கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உள்ளே போனார். மாமி அவரை முதல்முறையாக ‘மச்சாள்’ என்று கூப்பிட்டார். இப்போது போய், உங்களுடைய பேர் இல்லை, கடிதத்தை அடுப்பில் வைத்துவிட்டார்கள், உங்களுடைய அப்பா பிள்ளையே இல்லாத மனுசன் என்று சொன்னால், அம்மாவிடம் சட்டிக்குச் சொல்வதற்குக்கூட ஒன்றும் மிஞ்சாது.

“எந்த எழுத்து என்ர பேர்?” என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். “பழைய எழுத்து அம்மா, பேந்து பாப்பம்,” என்று தட்டிக் கழித்தேன். போனில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலியைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். அது கடல், அரிசி, ஆண்டு என்று உளறிவிட்டு நின்றுவிட்டதாம். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னார். அம்மாவுக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பொதி கட்டும் வேலை. “எங்கட லைனில ஒரு சீன மனுசி நிக்கிறா. வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டனான். ஞாயிற்றுக்கிழமை வாறா. மச்சாளையும் வரச் சொல்லிட்டன். நீ போய் பஸ் ஸ்ரொப்பில அவவை ஏத்திக்கொண்டு வா.”

அந்தச் சீன மனுசி ஒரு பெட்டி மண்டரின் தோடம்பழத்தோடு பஸ் தரிப்பிடத்தில் நின்றார். சீனத்தில் அன்ரி என்று கூப்பிட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. காரில் ஏறியதும் என் உச்சரிப்பைப் பாராட்டினார். எங்கே படித்தாய், எத்தனை வருடம், என்ன அழகாகப் பேசுகிறாய் என்றார். வீட்டுக்கு எட்டு நிமிட ஓட்டம். இரண்டு நிமிடம் பாராட்டில் போனது. பிறகு ஒரு பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது, அம்மா என்ன இருப்பதாக நினைக்கிறார், வீட்டில் யார் வந்து காத்திருக்கிறார் என்று சொன்னேன். அம்மாவின் பேர் அதில் இருப்பதாகச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். என் வாழ்க்கையில் சீன மொழியை நான் உண்மையான ஒரு தேவைக்குப் பாவித்தது அதுதான் முதல் தடவை. முன்பின் தெரியாத ஒரு மனுசியை என்னைப் பெற்ற தாய்க்குப் பொய் சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஒரு பிழை இல்லாமல் கேட்டேன்.

அவர் தோடம்பழப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார்.

“உன் அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள்?”

“நான் ஒருத்திதான்.”

“எங்கள் வீட்டுப் புத்தகத்தில் நானும் இல்லை,” என்றார். “காரை எடு.”

மாமி பட்டுச்சேலையில் வந்து சோபாவில் இருந்தார். எல்லோருமாகச் சாமி அறைக்குள் நெருக்கி நின்றோம். சீன அன்ரி சட்டத்துக்கு முன்னால் நின்று நிறைய நேரம் வாசித்தார். அவருடைய உதடு அசைந்தது. பிறகு அம்மாவின் கையைப் பிடித்து, அவர்கள் வேலையிடத்தில் பேசிக்கொள்ளும் உடைந்த பிரெஞ்சில், “உன் அப்பா. நல்ல மனிதர். தூரம் போனார். நீ இங்கே,” என்றார்.

“எங்க?” என்று அம்மா தமிழிலேயே கேட்டார்.

அவர் அம்மாவின் சுட்டுவிரலை எடுத்துக் கண்ணாடியில் வைத்தார். கடைசி இரண்டு எழுத்தில் வைத்தார். அம்மா விரலை எடுக்கவேயில்லை. கண்ணாடியில் அவருடைய மூச்சுப் பட்டு மங்கியது. மாமி எட்டிப் பார்த்து, “ஓம், வடிவா விளங்குது,” என்றார், சீனம் கரைத்துக் குடித்தவர் மாதிரி.

சீன அன்ரியைத் திரும்பக் கொண்டுபோய் விடும்போது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேறு எந்த எழுத்தையாவது காட்டியிருக்கக்கூடாதா என்று கேட்டேன்.

“மற்ற எழுத்தெல்லாம் உன் தாத்தாவைப் பற்றியது,” என்றார் அவர். “அந்த இரண்டும்தான் உன் அம்மாவைப் பற்றியது.” பஸ் வந்ததும் இறங்கிப் போனார்.

அடுத்த நாளே அம்மா சந்தனம் குழைத்து, கண்ணாடியில் அந்த இரண்டு எழுத்துக்கும் நேரே பொட்டு வைத்தார். பிறகு சுப்பர்மார்க்கெற் விளம்பரத் தாள்களின் வெறும் பக்கத்தில் அவற்றைப் பார்த்து எழுதிப் பழகத் தொடங்கினார். மேசையெங்கும் தாள். வரிக்கு வரி, வாரிசு இல்லை, வாரிசு இல்லை. அம்பத்தெட்டு வயதில் அம்மா கற்றுக்கொண்ட சீனம் அவ்வளவுதான். நான் ஒருவருக்கும் தெரியாமல் அந்தத் தாள்களைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். அம்மா புதிதாக எழுதினார்.

போன கிழமை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா எதிரே வந்து இருந்தார். தன்னுடைய காப்பில் ஒன்றை அழித்து எனக்குச் சங்கிலியில் தொங்கவிட ஒரு பென்ரன் செய்யக் கொடுக்கப் போகிறாராம். எப்போதாவது என் கலியாணத்துக்கு. அதில் தன்னுடைய பேரைச் சீனத்தில் வெட்டுவிக்கவேண்டுமாம்.

“என்ர எழுத்துக் கோணல் எண்டு நகைக்கடைக்காரர் சொல்லிட்டார். வடிவா ஒரு தாளில எழுதிக் கேக்கிறார். நீதானே படிச்சனி, எழுதித் தா.”

ஒரு வெள்ளைத் தாளும் கறுப்புப் பேனையும் ஆயத்தமாகக் கொண்டுவந்திருந்தார். சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து இருந்தேன்.

“அம்மா,” என்றேன்.

“என்ன பிள்ளை?”

அம்மா என்னைப் பார்த்தார். பயந்த ஒரு பார்வை. ஒரு கணம்தான். காதால் கேட்கக்கூடாத ஏதோ ஒன்றைக் கேட்கப் போகிறோமோ என்கிற மாதிரி. ஒருவேளை அப்படி ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், எனக்குத்தான் அப்படித் தெரிந்திருக்கலாம்.

“எவ்வளவு பெருசா எழுதிறது?” என்று கேட்டேன்.

“உனக்கு எப்பிடி வடிவோ, அப்பிடி.”

எழுதினேன். வூஹானில் என் கையெழுத்துக்கு வகுப்பில் முதலிடம். ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்று என் கைக்குத் தெரியும். அம்மா பேனை முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் எனக்கு முன்னால் வைத்தார்.

“இதுக்குக் கீழ உன்ர பேரையும் எழுது பிள்ளை,” என்றார். “எனக்குப் பிறகு நீயெல்லோ.”

‘வாரிசு இல்லை’ என்பதற்குக் கீழே என் பேரை எழுதினேன். அதுவும் வடிவாகவே வந்தது.